ஸ்டில் கேமராவில் வீடியோ எதற்கு?

புதிதாகக் கேமரா வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எனக்குப் போட்டோ மட்டும்தான். வீடியோவைத் தொடக்கூட மாட்டேன். வீடியோ இல்லாத மாடல் போட்டால் விலை குறையுமே, ஏன் யாரும் போடுவதில்லை?" நியாயமான கேள்விதான். பயன்படுத்தப் போகாத ஒன்றுக்கு யார்தான் காசு கொடுக்க விரும்புவார்கள்?

விலை குறையாது என்பதுதான் பதில். ஏன் குறையாது என்று புரிய, கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வீடியோவால் போட்டோகிராபருக்கு இழப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இழப்பு உண்டு, ஆனால் பெரும்பாலானவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

வியூஃபைண்டரில் ஓடுவதே வீடியோதான்

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளி, ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போய், பிரிசம் வழியாக, நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு வரும். அதுவரை, ஒளியைப் படமாக்கும் சென்சாருக்கு வேலையே இல்லை. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திறக்கும், சென்சார் ஒரே ஒரு தடவை ஒளியைப் பிடிக்கும், அந்தத் தகவல் ஒரு தடவை படிக்கப்படும், அவ்வளவுதான். இந்த அமைப்பில் வீடியோ என்பது உண்மையிலேயே தனி வேலை.

பிறகு லைவ் வியூ வந்தது. கண்ணாடியை மேலேயே நிறுத்திவிட்டு, சென்சாரில் விழும் காட்சியை நேரடியாகப் பின்பக்கத் திரையில் காட்டும் வசதி. 2007 வாக்கில் பல டிஎஸ்எல்ஆர்களில் இது இடம்பிடித்தது. காட்சி திரையில் விட்டுவிட்டுத் தெரியாமல் ஓட வேண்டுமென்றால் சென்சாரை நொடிக்கு 30 தடவையாவது படித்தாக வேண்டும். அந்த நிமிடமே கேமராவுக்குள் வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. யாரும் அதைச் சேமிக்கவில்லை, அவ்வளவே.

சேமித்தது நிக்கான். 2008 ஆகஸ்டில் வந்த டி90, வீடியோ பதிவு செய்த முதல் டிஎஸ்எல்ஆர். 1280-க்கு 720 அளவு, நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு கிளிப் அதிகபட்சம் 5 நிமிடம். பதிவு ஓடும்போது ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் ஃபோகஸ். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார், 1920-க்கு 1080, நொடிக்கு 30 ஃபிரேம், அமெரிக்காவில் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) விலை 2,699 டாலர். அன்றைய தொழில்முறை வீடியோ கேமராக்கள் பலவற்றின் சென்சார் அகலம் 10 மி.மீ.கூடக் கிடையாது, இதிலோ 36 மி.மீ. முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னணி கரைந்து போகும் காட்சி அதற்கு முன் பெரிய பட்ஜெட் படங்களுக்கே வாய்த்தது. சினிமாக்காரர்கள் இந்த ஸ்டில் கேமராவைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான்.

இன்று விற்பவை பெரும்பாலும் மிரர்லெஸ். அதில் கண்ணாடியும் இல்லை, பிரிசமும் இல்லை. வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது நொடிக்கு 60 அல்லது 120 தடவை மாறும் சின்னத் திரை. கேமராவை ஆன் செய்ததும் சென்சார் ஓயாமல் படிக்கப்படுகிறது, பிராசஸர் அதற்கு நிறம் போட்டு, வெளிச்சம் சரிசெய்து, முகம் எங்கே கண் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோ பட்டன் செய்வதெல்லாம் அடியில் ஒரு வாளியை வைப்பது.

கூடுதலாகத் தேவைப்படுபவை: ஒரு சின்ன மைக், மைக் சொருகும் துளை, வீடியோவைச் சுருக்கும் சர்க்யூட், அதற்கான மென்பொருள். சுருக்கும் சர்க்யூட் தனிச் சில்லு இல்லை, பிராசஸருக்குள்ளேயே இருப்பது. மென்பொருள் எழுதும் செலவு பெரிதுதான். ஆனால் அது விற்கும் அத்தனை கேமராக்களுக்கும் பங்கு பிரிகிறது. வீடியோ வேண்டாம் என்பவர்களுக்காகத் தனி மாடல் போட்டால், குறைந்த எண்ணிக்கைக்கு ஒரு தனித் தயாரிப்பு, தனி மென்பொருள், தனிப் பரிசோதனை, தனி இருப்பு. மிச்சமாகும் மைக் விலையைவிடப் பல மடங்கு இதில் போய்விடும்.

நிக்கானே இதைச் செய்து பார்த்தது. 2013 நவம்பரில் வந்த டிஎஃப் மாடலில் வேண்டுமென்றே வீடியோவை விட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த 16 மெகாபிக்சல் சென்சார், டி4 கேமராவில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அதே சென்சார்தான். அமெரிக்காவில் அதன் பாடி விலை ஏறத்தாழ 2,750 டாலர். அதே ஆண்டு வந்த, வீடியோ உள்ள ஃபுல் ஃபிரேம் டி610-இன் விலை 2,000 டாலர். டிஎஃப்-இன் உலோக டயல்களுக்கும் சென்சாருக்கும் அந்த விலை தகும் என்று வாதிடலாம், தகும்தான். ஆனால் வீடியோவை எடுத்தால் விலை இறங்கும் என்பதற்கு அது சாட்சி சொல்லவில்லை.

போட்டோவுக்குக் கிடைத்த லாபம்

வீடியோவுக்காக உருவாக்கியவை பல, போட்டோகிராபரின் அன்றாடத்துக்குள் வந்துவிட்டன. முதலில் ஃபோகஸ். கண்ணாடி மேலே போய்விட்டால் டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் கருவிக்கு ஒளி போகாது. அதனால் லைவ் வியூவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஆடி ஆடித் தேடும். வீடியோவில் அந்த ஆட்டம் அப்படியே பதிவாகும். இதைத் தீர்க்க சென்சாரின் பிக்சல்களிலேயே ஃபோகஸ் அளக்கும் வேலையைச் சேர்த்தார்கள். கேனான் 2013-இல் 70டி கேமராவில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டு பாதியாகப் பிரித்தது. இரண்டு பாதியும் பார்க்கும் காட்சிக்கு இடையே உள்ள நகர்வை வைத்து, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஆடாமல் கணக்கிட முடிந்தது. ஃபிரேமின் ஓரத்தில் நிற்கும் ஆளின் கண்ணைக்கூடப் பிடித்துக்கொண்டு பின்தொடரும் இன்றைய ஃபோகஸ், இந்த வகை சென்சார் இல்லாமல் வந்திருக்காது.

இரண்டாவது, வேகமாகப் படிக்கப்படும் சென்சார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வாங்கும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது.

சென்சாரை ஒரே நேரத்தில் முழுதாகப் படிப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகத்தான் படிக்கிறார்கள். சாதாரண 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஏறத்தாழ 1/20 நொடி போய்விடும். அதற்குள் எதிரே உள்ள பொருள் நகர்ந்திருந்தால் அது சாய்ந்து பதியும். வீடியோவில் கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாய்வதும், கிரிக்கெட் மட்டை வளைந்து தெரிவதும் இதனால்தான். இது வீடியோவின் பிரச்சினை மட்டும் இல்லை. இயந்திர ஷட்டர் அசையாமல் சென்சாரை மட்டும் வைத்து, சைலண்ட் ஷட்டரில் எடுக்கும் போட்டோவிலும் இதே கோணல் வரும், எல்இடி விளக்கின் கீழ் எடுத்தால் கோடு கோடாகப் பட்டை விழும். ஷட்டர் ஸ்பீடை 1/4000 என்று வைத்தாலும் தப்ப முடியாது. ஒவ்வொரு வரியும் 1/4000 நொடிதான் ஒளி வாங்கும், ஆனால் வரிகளைப் படித்து முடிக்கும் நேரம் அதே 1/20 நொடிதான்.

சென்சாரின் பின்னால் நினைவகத்தை அடுக்கி ஒட்டிய ஸ்டேக்டு வகை இதைப் பெருமளவு தீர்த்தது. 2017-இல் வந்த சோனி ஏ9 ஏறத்தாழ 1/160 நொடியில் படித்து முடித்தது. 2021-இல் நிக்கான் இசட்9 அதை 1/270 நொடி அளவுக்குக் கொண்டுவந்து, இயந்திர ஷட்டரையே பாடியிலிருந்து எடுத்துவிட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3, எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டரோடு வந்தது. நொடிக்கு 20 படம் சத்தமில்லாமல் எடுப்பது, பட்டனை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பிடிப்பது எல்லாம் இந்த வேகத்தால் வருபவை. நொடிக்கு 60 ஃபிரேம் 4கே (3840-க்கு 2160 அளவு) வீடியோ கொடுக்க வேண்டும் என்ற போட்டியும் விளையாட்டுப் போட்டோகிராபர்களின் தேவையும் சேர்ந்துதான் சென்சாரை இந்த வேகத்துக்குத் தள்ளின.

இழப்பு எங்கே வருகிறது

வீடியோ இருப்பதால் போட்டோவின் தரம் குறைவதில்லை. வீடியோவை உச்சத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் சிக்கல் சூடு. 45 மெகாபிக்சல் சென்சாரை நொடிக்கு 30 தடவை முழுதாகப் படித்தால் சென்சாரும் பிராசஸரும் சூடேறும். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். ஆனால் கை ஆட்டத்தைத் தடுக்கும் கேமராக்களில் சென்சார் பாடியோடு ஒட்டி நிற்பதில்லை. காந்தங்களுக்கு நடுவே மிதக்கிறது. உலோகத்தோடு உலோகம் தொட்டால்தானே சூடு கடக்கும்? மழைநீர் புகாமல் அடைத்த பாடி என்றால் உள்ளே காற்றும் நகராது. 2020-இல் வந்த கேனான் ஆர்5, 8கே (4கேயைவிட நான்கு மடங்கு பிக்சல்) வீடியோவை 23 டிகிரி வெப்பத்தில் சுமார் 20 நிமிடம் எடுக்கும் என்று நிறுவனமே சொன்னது. அந்த 23 டிகிரி, குளிரூட்டிய அறையின் கணக்கு. மே மாத வெயிலில் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் கேமராவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு தடவை சூடேறி நின்றால், ஆறவிடாமல் மறுபடி நீண்ட பதிவு எடுக்க முடியாது.

இதற்கு ஃபேன் வைத்தார்கள். 2022-இல் வந்த ஆர்5 சி மாடலில் ஃபேன் வந்தது, பாடி தடித்தது, சென்சார் ஆட்டத் தடுப்பு போய்விட்டது. போட்டோகிராபருக்கு அது நேரடி நஷ்டம். 2023 ஜனவரியில் பானாசோனிக் எஸ்5 மார்க் 2 வந்தபோது, வியூஃபைண்டர் மேட்டுக்குள் சின்ன ஃபேனைப் பொருத்தி, ஆட்டத் தடுப்பையும் விடாமல் வைத்திருந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. ஆனாலும் போட்டோவுக்கு மட்டும் வாங்குகிறவர் ஃபேன் உள்ள மாடலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது மெகாபிக்சல். வீடியோவை முதன்மையாகக் கொண்ட சோனி ஏ7எஸ் வரிசையில் சென்சார் 12 மெகாபிக்சல்தான். 4கே ஃபிரேமுக்கு 83 லட்சம் பிக்சல் போதும் என்பதால் வீடியோவுக்கு அது குறை இல்லை. சென்சாரைச் சீக்கிரம் படிக்க முடிகிறது, இருட்டிலும் நன்றாக வேலை செய்கிறது. போட்டோவுக்கு? படத்தின் அகலம் 4,240 பிக்சல். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் ஒரு ஷீட் 12-க்கு 36 அங்குலம். முழு ஷீட்டுக்கும் ஒரே படத்தை விரித்தால் அங்குலத்துக்கு 118 பிக்சல்தான் கிடைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 167, 45 மெகாபிக்சலில் 220-க்கு மேல். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்தில் 118 என்பது முடி, பட்டுச் சேலையின் ஜரிகை ஆகியவற்றில் வித்தியாசம் காட்டிவிடும். "இருட்டில் அருமையாக எடுக்கும்" என்ற பேச்சைக் கேட்டு, ஸ்டில் வேலைக்கு இந்த வகையை வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். கேமராவின் பட்டன்களும் மெனுவும்.

கல்யாணத்தில் சடங்கை வீடியோ எடுக்கிறீர்கள். எம் மோடு (ஷட்டரையும் லென்ஸ் திறப்பான அப்பர்ச்சரையும் நீங்களே வைப்பது), நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. தாலி கட்டும் நேரம் நெருங்குகிறது, போட்டோவுக்கு மாறுகிறீர்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) சரியாகத்தான் தெரிகிறது, எடுத்துத் தள்ளுகிறீர்கள். பிறகு கணினியில் திறந்தால் மாப்பிள்ளையின் விரல்கள் கலங்கியிருக்கும், அட்சதை மணி மணியாக இல்லாமல் கோடுகளாக விழுந்திருக்கும். ஷட்டர் 1/50-லேயே நின்றுவிட்டது. அந்தக் காட்சிக்குக் குறைந்தது 1/250 வேண்டும். படம் போனது போனதுதான்.

குற்றம் எடுத்தவர்மேல் மட்டும் இல்லை. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர் என்று கேமராவை அமைத்தவர்கள்மேலும் இருக்கிறது. போட்டோவும் வீடியோவும் எடுக்கும் கேமராவில் இரண்டின் செட்டிங்கும் தனித்தனியாக நினைவில் இருக்க வேண்டும். மாற்றுவதற்குக் கையில் தட்டுப்படும் ஒரு லீவர் வேண்டும். இப்போது வரும் பல மாடல்களில் இது இருக்கிறது. இல்லாத கேமராவை வைத்திருந்தால், டயலில் உள்ள சி1-இல் போட்டோ செட்டிங்கையும் சி2-இல் வீடியோ செட்டிங்கையும் பதிந்துவையுங்கள். சி1: ஷட்டர் 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்வைக் கேமராவே வைப்பது), ரா (பதப்படுத்தாத மூலப் படம்). சி2: 25 ஃபிரேம், 1/50, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நிலையாக. மெனுவில் புகாமல் டயலைத் திருப்பினால் போதும்.

திரையின் கீலும் இதே ரகம். வீடியோக்காரர்களுக்குப் பக்கவாட்டில் விரிந்து முன்னே திரும்பும் திரை வேண்டும். தாழ்வாக வைத்துப் போட்டோ எடுப்பவருக்கு, லென்ஸுக்கு நேர்பின்னால் மேலே சாயும் திரைதான் வசதி. பக்கவாட்டில் விரிந்தால் கண் ஓரிடமும் லென்ஸ் ஓரிடமுமாகிவிடும். இரண்டையும் தரும் கீல் விலை கூடிய மாடல்களில்தான் பெரும்பாலும் வருகிறது. வீடியோவுக்காகப் போட்டோகிராபர் விட்டுக்கொடுக்கும் விஷயம் ஒன்று சொல்லுங்கள் என்றால், சென்சாரைச் சொல்ல மாட்டோம், இதைத்தான் சொல்வோம்.

விட்டுவிட்டவர்கள்

வீடியோவே இல்லாத கேமராக்கள் இன்றும் வருகின்றன. லைக்கா 2012-இல் அறிவித்த எம் மாடலில் வீடியோ வைத்தது. 2017-இல் எம்10 வந்தபோது எடுத்துவிட்டது. அது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. லென்ஸ் வழியே பார்ப்பதில்லை, தனிச் சாளரம் வழியே பார்த்து, கையால் ஃபோகஸ் செய்வது. அந்த முறைக்கும் வீடியோவுக்கும் ஒட்டே இல்லை. எம்10-இன் பாடி மெலிந்தது, பேட்டரியும் சிறுத்தது. அதை வாங்குகிறவர் அந்த மெலிவைத்தான் கேட்டார். சரியான முடிவு.

ஹாசல்பிளாட் எக்ஸ்2டி இன்னொரு வகை. 2022-இல் வந்த 100 மெகாபிக்சல் கேமரா, வீடியோ கிடையாது. அதே 44-க்கு 33 மி.மீ. அளவுச் சென்சாரும் அதே மெகாபிக்சலும் உள்ள ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100, 2019-லேயே 4கே வீடியோ எடுத்தது. எனவே முடியாததால் விட்டது என்று சொல்ல முடியாது. ஸ்டுடியோவிலும் நிலக்காட்சியிலும் நிதானமாக எடுப்பவர்களுக்கான கேமரா என்று முடிவெடுத்து, மெனுவை ஒரு சில திரைகளுக்குள் அடக்கினார்கள். லைக்கா, ஹாசல்பிளாட் இரண்டுமே விலை மிக அதிகமானவை. வீடியோ இல்லாமை இன்று ஆடம்பரப் பொருளின் குணமாகிவிட்டது. சிக்கனத்தின் வழியாக இல்லை.

முதன்முதலாக வீடியோ பட்டனை அழுத்தும்போது

இருக்கிற வசதியை ஒரு தடவையாவது பயன்படுத்திப் பார்ப்பவர்களுக்குச் சில கணக்குகள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு மின்னல்கள் சமமாக அடங்கும். 1/60 என்று வைத்தால் அடங்காது, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை மெதுவாக நகரும். மெனுவில் என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்று இரண்டு வீடியோ முறைகள் இருக்கும். PAL தேர்ந்தெடுத்தால் 25, 50 ஃபிரேம் கிடைக்கும். சிங்கப்பூர், மலேசியாவுக்கும் இதே கணக்கு. கனடா, அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ்; அங்கே 30 ஃபிரேம், 1/60.

ஷட்டர் 1/50 என்றால் வெயிலில் என்ன செய்வது? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (எண் கூடினால் லென்ஸ் திறப்பு சிறுக்கும்) வைத்தால் 1/100 நொடி சரியாக வரும். 1/50-க்கு எஃப் 22. பின்னணி கரைய எஃப் 2.8 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியைக் குறைக்க வேண்டும். அதாவது ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும் என்டி64 ஃபில்டர். லாக் புரொஃபைல் (பிறகு கணினியில் நிறம் சேர்ப்பதற்காக மங்கலாகப் பதியும் முறை) போட்டால் பல கேமராக்களில் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. இன்னும் மூன்று ஸ்டாப் குறைக்க வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/3200-க்கு ஏற்றி எடுத்தால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நடப்பவர்கள் பொம்மை போல நடப்பார்கள்.

தொடக்கத்தில் லாக் வேண்டாம். 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு, 10 பிட்டில் 1,024. 8 பிட்டில் லாக் எடுத்து, பிறகு நிறத்தை இழுத்தால் வானம் படிப்படியாகப் பிரிந்து தெரியும். ஸ்டில் ராவில் 14 பிட், அதாவது 16,384 படிகள். அங்கே பழகிய கைக்கு வீடியோவில் அவ்வளவு இடம் இல்லை என்பது முதலில் உறைக்காது. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் எடுக்கும்போதே சரியாக வைக்க வேண்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வைத்தால், சிவப்புச் சேலை ஒன்று ஃபிரேமுக்குள் நடந்துவந்ததும் எல்லார் முகமும் பச்சை பக்கம் சாயக்கூடும்.

கார்டு: நொடிக்கு 100 மெகாபிட் 4கே என்றால் நொடிக்கு 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடத்தில் நிரம்பும். அதே கார்டில் 30 எம்பி ரா படங்கள் 2,000 வரை கொள்ளும். 100 மெகாபிட் வேகத்துக்கு வி30 என்று அச்சிட்ட கார்டு போதும். 400 மெகாபிட் எடுக்க வி60 வேண்டும். வேகம் போதாத கார்டில் பதிவு நடுவில் தானாக நின்றுவிடும். கேமராமேல் பழி போட்டு சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கார்டை மாற்றிப் பாருங்கள்.

ஒலிக்குக் கேமராவில் உள்ள மைக்கை நம்பாதீர்கள். அது லென்ஸ் மோட்டாரின் சத்தத்தையும் ஏசியின் இரைச்சலையும் முதலில் பிடிக்கும், பேசுபவரைப் பிறகு. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றை 3.5 மி.மீ. துளையில் சொருகி, உரக்கப் பேசும்போது அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

"4கே வீடியோ ஓடவிட்டு, அதிலிருந்து நல்ல ஃபிரேமைப் போட்டோவாக எடுத்துக்கொள்ளலாமே?" என்றும் கேட்பார்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனால் அது 83 லட்சம் பிக்சல். அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் 12.8-க்கு 7.2 அங்குலம் வரும். அதைவிடப் பெரிய குறை ஷட்டர். அசைவு இயல்பாகத் தெரிய வைத்த 1/50, நிறுத்திப் பார்த்தால் கலங்கல். போட்டோவுக்காக 1/500 வைத்தால் வீடியோ வெட்டும். இரண்டின் தேவையும் இந்த இடத்தில் நேர் எதிர்.

எனவே ஒரு கேமரா இரண்டையும் செய்யும் என்பதால் ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியும் என்று ஆகாது. "போட்டோவோடு கொஞ்சம் வீடியோவும் எடுத்துக் கொடுங்க" என்று கேட்கும் வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் இரண்டாவது பாடி ஒன்றை ட்ரைபாடில் நிறுத்தி, மணவறை முழுதும் தெரியும்படி வைத்து, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பதிவை ஓட விடுங்கள். கையில் உள்ள கேமரா போட்டோவை விட்டு நகர வேண்டாம். ட்ரைபாடில் உள்ளது பழைய மாடல் என்றால் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். 30 நிமிடம் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி அதிகச் சுங்கவரி போட்டதால், உலகம் முழுக்க விற்ற ஸ்டில் கேமராக்களில் அந்த வரம்பை வைத்தார்கள். 2019 வாக்கில் அந்த வரி போனது. புதிய மாடல்கள் பலவற்றில் வரம்பு இல்லை. பழையவற்றில் நடுவே ஒரு தடவை நிறுத்தி மறுபடி தொடங்க ஆள் வேண்டும்.

வாங்கும்போது

போட்டோ மட்டும் எடுப்பவர், வீடியோ இல்லாத கேமராவைத் தேடி அலைய வேண்டாம். கடையில் கேமராவைக் கையில் எடுத்து, வீடியோ எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்று பாருங்கள். போட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாற்றும் லீவர் இருக்கிறதா, மாற்றினால் ஷட்டர் தனியாக நினைவில் நிற்கிறதா என்று நீங்களே மாற்றிப் பாருங்கள். சிவப்புப் பதிவுப் பட்டன் கட்டைவிரல் படும் இடத்தில் இருந்தால், அதற்கு ஐஎஸ்ஓ போன்ற வேறு வேலை கொடுக்க முடிகிறதா என்று மெனுவில் தேடுங்கள். முடியாவிட்டால், பையில் வைக்கும்போது அழுந்தி, கார்டும் பேட்டரியும் தீரும் வரை இருட்டைப் பதிவு செய்துகொண்டிருக்கும். 8கே, லாக், நொடிக்கு 120 ஃபிரேம் என்று பெட்டியில் அச்சிட்டதைத் தாண்டி, வியூஃபைண்டரின் தெளிவு, கைப்பிடி, ஃபோகஸின் வேகம் ஆகியவற்றுக்கு அந்தக் காசு போகிறதா என்று கணக்குப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்டை (இதுவரை ஷட்டர் திறந்த எண்ணிக்கை) மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வீடியோவுக்கே ஓடிய பாடியில் ஷட்டர் சில ஆயிரம்தான் காட்டும், ஆனால் சென்சார் நூற்றுக்கணக்கான மணி நேரம் சூட்டில் கிடந்திருக்கும். ஷட்டர் கவுண்டில் வீடியோ ஓடிய நேரம் ஏறாது. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 1600-இல் அரை நொடி ஒரு படமும், ஒரு நிமிட வீடியோவும் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்; சிவப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளிகள் ஓரிரண்டு இருந்தால் மெனுவில் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சல்களை மறைக்கும் வசதி) செய்து நீக்கலாம், கூட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி லேசாக அசையுங்கள். மானிட்டர் மாட்டியே ஓட்டிய கேமராக்களில் முதலில் தளர்வது அந்தத் துளைதான். மைக்ரோ எச்டிஎம்ஐ என்றால் இன்னும் சீக்கிரம். திரையை முழுதாக விரித்து, திருப்பி, மூடும்போது காட்சி ஒரு கணம் அணைந்து வந்தால் கீலுக்குள் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.